தட்டில் ஏறிய செருப்பு

விமானம் பறக்கிறது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறக்கிறது. காற்றையும் கடலையும் மதியால் வென்றேன் என்று மார்தட்டும் மனிதன் படைத்த ஊர்தி, மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் கண்டம் விட்டுக் கண்டம் தாவுகிறது. அதிலே ஏறப்போகும் மனிதனோ கீழே, கண்ணைக் கூசவைக்கும் விளக்கொளியில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், ஒரு கையில் செருப்பும் மறு கையில் இடைவாரும் ஏந்தி, நழுவும் காற்சட்டையை முழங்கையால் இடுக்கிப் பிடித்தபடி நிற்கிறான்!

கழற்று என்கிறார்கள், கழற்றுகிறான். திற என்கிறார்கள், திறக்கிறான். கையை உயர்த்து, காலை அகட்டு, திரும்பி நில் என்கிறார்கள். உயர்த்துகிறான், அகட்டுகிறான், திரும்பி நிற்கிறான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்க நேரமில்லை, விமானம் புறப்படப் போகிறது. கேட்க மொழியில்லை, அயல்நாட்டு நிலையம் அது. கேட்கத் துணிவுமில்லை, கேட்டவன் தனியே நிறுத்தப்படுவான் என்பதை வரிசையில் நிற்கும் குழந்தையும் அறியும்.

தோழர்களே, ‘ஏன்’ என்ற அந்த ஈரெழுத்துச் சொல்லுக்காகவே இயக்கம் கண்டவர்கள் நாம். ஆகையால் அந்தச் சொல் வாயடைத்து நிற்கும் இடம் எதுவாயினும், அது கோயிலாயினும் கொலுமண்டபமாயினும் விமான நிலையமாயினும், சற்று நின்று பார்ப்பது நம் கடமையாகிறது.

வளைகுடா நாட்டு நிலையம் ஒன்றிலே, விமானம் மாறுமிடத்தில், நாம் கண்ட காட்சி இது. நமக்கு முன்னால் ஒரு மூதாட்டி. சென்னையில் ஏறியவர். அமெரிக்காவில் இருக்கும் மகளின் பேறுகாலத்துக்குத் துணையாகப் போகிறார். வாழ்நாளில் முதல் விமானப் பயணம். கைப்பையில் ஒரு சிறு புட்டி. அதில் பேறுகால லேகியம். இரண்டு நாள் அடுப்படியில் நின்று கிளறியது. சென்னையில் சோதித்தவர் பார்த்தார், தின்பண்டம் என்று விட்டார். இங்கே சோதித்தவர் பார்த்தார், கூழ்ப்பொருள், 100 மில்லிலிட்டருக்கு மேல் என்றார், தொட்டியில் போட்டார். லேகியத்தின் மருத்துவக் குணம்பற்றி நமக்கும் ஐயம் உண்டு. அது வேறு வழக்கு, வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். அந்த அம்மையார் திரும்பி நம்மைப் பார்த்து, “ஏன் தம்பி, அங்கே ஆகும்னாங்களே?” என்று கேட்டார். நமக்குப் பதில் தெரியவில்லை.

தெரியாததன் காரணம் நம் அறியாமை மட்டுமன்று. தொட்டியைப் பாருங்கள்! வரிசையை ஒட்டியே நிற்கிறது. நூறு பேர் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில், பறித்த புட்டிகள் அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் விழுகின்றன. அவை வெடிக்கக்கூடியவை என்று அந்த அலுவலர் உண்மையில் நம்பினால் அப்படி எறிவாரா? நம்பவில்லையென்றால் ஏன் பறித்தார்? இந்தக் கேள்வியை எழுப்புவதற்கு வெடிமருந்து நூல் கற்றிருக்க வேண்டியதில்லை. எண்ணும் பழக்கம் இருந்தால் போதும்.

கோயிலிலும் விமானம் உண்டு, கருவறைக்கு மேலே. இங்கும் விமானம் உண்டு, கண்ணாடிச் சுவருக்கு அப்பால். அங்கும் செருப்பைக் கழற்ற வேண்டும். இங்கும் கழற்றச் சொல்கிறார்கள். அங்கே சில வாயில்களில் சட்டையைக் கழற்று என்பார்கள், இங்கே மேற்சட்டையை. அங்கே தீட்டு, இங்கே ஐயம். பழம்பெருமை பேசுவோர் புட்பக விமானம் ஒன்று அந்நாளிலேயே பறந்தது என்பார்கள்; அதில் ஏறுமுன் எவரையும் செருப்பைக் கழற்றச் சொன்னதாக எந்தப் புராணிகரும் கதை கட்டவில்லை. அண்ணனின் செருப்பை அரியணையில் ஏற்றி 14 ஆண்டு ஆட்சி நடந்ததாகத்தான் கதை. அமெரிக்க விமான நிலையங்களில் அது தட்டிலே ஏறி ஏறத்தாழ 19 ஆண்டு ஊர்வலம் வந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

ஒப்புமை இனிக்கிறது என்பதற்காக உண்மையை விழுங்கிவிடலாகாது. தீட்டு பொய்; தெய்வக் குற்றம் பொய். ஆனால் வெடிகுண்டு பொய்யன்று.

1985 ஜூன் 23 அன்று, அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால், ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் வானிலேயே சிதறியது. 329 உயிர்கள்! குண்டிருந்த பெட்டியை வான்கூவரில் பதிந்த ஆள் விமானத்தில் ஏறவேயில்லை. பெட்டி மட்டும் ஏறியது. டொராண்டோ நிலையத்தில் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே எந்திரம் அன்று பழுதடைந்தது. கையடக்கக் கருவி ஒன்றைக் கொண்டு மேலோட்டமாகத் தடவிவிட்டு அனுப்பினார்கள். அதே நாளில் டோக்கியோவின் நரிட்டா நிலையத்தில் மற்றொரு பெட்டி வெடித்துச் சுமை இறக்கும் தொழிலாளர் இருவர் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு, 1984 ஆகஸ்டில், நம் மீனம்பாக்கத்திலேயே நடந்தது என்ன? கொழும்பு விமானத்துக்கென்று பெட்டிகளைப் பதிந்தவன் ஏறவில்லை, பெட்டிகள் நிலையத்தில் நின்றன, வெடித்தன, முப்பதுக்கும் மேற்பட்டோர் உடல் சிதறி மாண்டனர். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே வெடித்த விமானத்தில் 259 பேர், கீழே தம் வீடுகளில் இருந்தவர் 11 பேர். அங்கும் ஆளில்லாமல் பயணம் செய்த பெட்டியே எமனாயிற்று.

இந்தப் பிணக்குவியல்களிலிருந்து ஒரு விதி பிறந்தது: ஏறாத ஆளின் பெட்டி பறக்கலாகாது. அதற்காகச் சில வேளை விமானம் ஒரு மணி நேரம் நிற்கிறது. பெட்டியைத் தேடி இறக்குகிறார்கள். நாம் முணுமுணுக்கிறோம். முணுமுணுக்கலாகாது! அந்த ஒரு மணி நேரத்துக்குக் காரணம் உண்டு. காரணத்தைக் கேட்டால் சொல்லவும் முடியும். கேட்டவர் தாமே எண்ணி ஒப்பவும் முடியும். அதேபோல, 1968க்கும் 1972க்கும் இடையே அமெரிக்காவில் 130க்கும் மேற்பட்ட விமானக் கடத்தல்கள் நடந்தன. 1973 ஜனவரி 5 முதல் பயணிகள் அனைவரையும் அவர்தம் கைப்பைகளையும் சோதிக்கத் தொடங்கினார்கள். கடத்தல் சட்டென்று குறைந்தது. நோய் இன்னது, மருந்து இன்னது, பயன் இன்னது என்று காட்டிய சோதனை அது. அதற்கு நாம் தலை வணங்குவோம், கையையும் உயர்த்துவோம்.

ஆகவே, ‘என்னைச் சோதிப்பதா?’ என்று பொங்கும் பெருமக்கள் கூட்டத்தில் நாம் இல்லை. நம் வழக்கு வேறு. காரணத்தோடு பிறந்த விதியும், காரணம் செத்த பிறகு சடங்காகி விடுகிறது. சடங்கான பின் அது எவருக்கும் விடை சொல்லுவதில்லை.

இனி அந்தச் செருப்பின் கதை. 2001 டிசம்பர் 22 அன்று பாரிசிலிருந்து மயாமிக்குப் பறந்த விமானத்தில் ஒருவன் தன் காலணிக்குள் வெடிமருந்தை ஒளித்து வந்தான், தீக்குச்சி கிழித்தான், பற்றவில்லை. பணிப்பெண்களும் பயணிகளும் பாய்ந்து அவனை அமுக்கினார்கள். நடந்தது இது. இதற்கு ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்து, 2006 ஆகஸ்டில், எல்லாரும் காலணி கழற்ற வேண்டும் என்று அமெரிக்கா கட்டாயமாக்கியது. ஐரோப்பாவின் பல நிலையங்களில் அப்படி எல்லாரையும் கழற்றச் சொன்னதில்லை. அங்கே காலணிகள் வெடித்தனவா? இல்லை. பிறகு 2025 ஜூலை 8 அன்று, இனிக் கழற்ற வேண்டியதில்லை என்று அமெரிக்க அரசே அறிவித்தது. முதல்நாள் வரை ஆபத்தான செருப்பு மறுநாள் அப்பாவியாயிற்று! எந்திரங்கள் மேம்பட்டன என்கிறார்கள், நன்று. ஆனால் எந்த ஆண்டில் மேம்பட்டன? அதற்குப் பிறகும் எத்தனை கோடிக் கால்கள் குளிர்ந்த தரையில் வெறுமனே நின்றன? எவரும் சொல்லவில்லை. எவரும் கேட்கவுமில்லை.

நீர்ப்புட்டியின் கதை இன்னும் வேடிக்கை. 2006 ஆகஸ்டில், குடிநீர்ப் பானப் புட்டிகளில் வெடிநீர்மம் கொண்டுபோகத் திட்டமிட்ட கூட்டம் ஒன்று இங்கிலாந்தில் பிடிபட்டது. பிடித்தவர்கள், பல வாரம் மறைந்திருந்து பின்தொடர்ந்த காவல்துறையினர். விமான நிலையத்துச் சோதனை மேசையன்று. அதன் விளைவாக 100 மில்லிலிட்டர் விதி வந்தது. ஆண்டுகள் உருண்டன. புட்டியைத் திறவாமலே உள்ளிருப்பதைக் காட்டும் புதிய ஸ்கேனர்கள் வந்தன. அவற்றை வாங்கிய ஐரோப்பிய நிலையங்கள் பெரிய புட்டியையும் விட்டன. 2024 செப்டம்பர் 1 அன்று, அந்த எந்திரம் இருந்தாலும் 100 மில்லிலிட்டர்தான் என்று ஐரோப்பிய ஒன்றியம் மீண்டும் தடுத்தது. 2025 ஜூலையில் அவ்வகை எந்திரம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்து, 2 லிட்டர் வரை விடலாம் என்றது. அதே புட்டி, அதே நீர், அதே மனிதன். ஆகஸ்டில் நல்லவன், செப்டம்பரில் ஐயத்துக்குரியவன், அடுத்த ஜூலையில் மீண்டும் நல்லவன்! தொழில்நுட்பக் காரணங்கள் இருந்திருக்கலாம். இருந்தால், தாகத்தோடு நிற்பவனிடம் அதைச் சொல்ல ஒரு பலகை கூடவா இல்லை?

இவையெல்லாம் போகட்டும். முகம் பார்த்துக் குறி சொல்லும் கலையை நாம் எள்ளி நகையாடுகிறோம். மூக்கின் நுனி இப்படியிருந்தால் திருடன், புருவம் கூடினால் பொய்யன் என்னும் சாமுத்திரிகை ஏடுகளைக் கிழித்தெறியச் சொல்லுகிறோம். அந்தக் கலை கடல் கடந்து, கோட்டும் சூட்டும் அணிந்து, அமெரிக்க நிலையங்களில் சம்பளம் வாங்கியது தெரியுமா? பயணியின் பதற்றம், பார்வை, நடை ஆகியவற்றைக் கண்டே பயங்கரவாதியைப் பிரித்தறிவோம் என்று சொல்லி, 2007 முதல் ஏறத்தாழ 90 கோடி டாலர் செலவிட்டார்கள். 2013 நவம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஆய்ந்து, மனிதர் இப்படிப் பார்த்துப் பொய்யனைக் கண்டுபிடிப்பது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பானது, அல்லது அதைவிடச் சற்றே மேல் என்ற முடிவைச் சுட்டி, பணத்தைக் குறையுங்கள் என்று பரிந்துரைத்தது. பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பவன் கூட இவ்வளவு செலவழிப்பதில்லை! முதல் விமானப் பயணத்தில் நடுங்காத கை எது? மகள் பேறுவலியில் இருக்கிறாளோ என்று ஏங்கும் தாயின் முகத்தில் பதற்றம் இராதா? பிறந்த மண்ணை விட்டுப் பாலைவனத்தில் கல் சுமக்கப் போகும் இளைஞனின் கண் கலங்காதா? அந்தக் கலக்கமா குற்றத்தின் குறி?

சோதனையையே சோதித்துப் பார்த்தபோது என்ன ஆயிற்று? அமெரிக்க அரசின் சொந்த ஆய்வாளர்களே பயணிகள் போல் வேடமிட்டு, போலிக் குண்டும் தடைசெய்த ஆயுதமும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். 70 முறை முயன்றதில் 67 முறை பிடிபடாமலே கடந்தார்கள் என்ற செய்தி 2015இல் வெளியாயிற்று. லேகியம் தப்பவில்லை, குண்டு தப்பியது!

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். எளிதில் தள்ளத்தக்கதன்று, ஆகையால் முழுமையாகவே எடுத்துரைப்போம். “ஐயா, சடங்கு என்றே வைத்துக்கொள்வோம். சடங்குக்கும் பயன் உண்டு. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்கர் அஞ்சி, விமானத்தை விட்டுக் காரில் நெடுந்தொலைவு ஓட்டினார்கள். அடுத்த ஓராண்டில் அதனால் சாலைகளில் மட்டும் 1,500 பேர் வரை கூடுதலாக மாண்டார்கள் என்று கெர்ட் கிகெரென்ட்சர் என்னும் ஜெர்மானிய உளவியலறிஞர் கணக்கிட்டிருக்கிறார். அச்சமே கொல்கிறது. அச்சத்தைத் தணிக்கும் வேடமும் உயிரைக் காக்கிறதல்லவா?”

அழகான வாதம். இதே வாதத்தைக் கோயில் வாசலிலும் கேட்டிருக்கிறோம்: “சாமி இல்லாவிட்டால் என்ன, மன அமைதி கிடைக்கிறதே!” அன்று சொன்ன விடையையே இன்றும் சொல்லுகிறோம். பொய்யான அமைதி, மெய்யான மருந்தைத் தடுக்கும். தாயத்துக் கட்டியவன் மருத்துவரைத் தேடிப் போவதில்லை. 2009 நவம்பரில் நைஜீரிய நாட்டுத் தந்தை ஒருவர், தம் மகன் தீவிரவாதிகளோடு சேர்ந்துவிட்டான் என்று அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கே போய் எச்சரித்தார். பெற்ற தந்தை! அந்த எச்சரிக்கை கோப்பில் உறங்கியது. டிசம்பர் 25 அன்று அந்த மகன் உள்ளாடையில் வெடிமருந்தோடு டெட்ராய்ட் விமானத்தில் ஏறினான். அன்றும் குண்டு சரியாகப் பற்றவில்லை. அன்றும் அவனைப் பிடித்தவர்கள் பயணிகளே. அதற்குப் பிறகு எந்திரங்கள் பெருகின. ஆடைக்குள் ஊடுருவி உடலின் வடிவையே திரையில் காட்டும் எந்திரங்கள்! தந்தையின் சொல்லைக் கேளாத குற்றத்துக்குத் தண்டனை, கோடிக்கணக்கான பெண்களின் நாணம்.

மெய்யான மருந்து பெரும்பாலும் ஓசையில்லாமலே வேலை செய்கிறது. 2001க்குப் பிறகு விமானியின் அறைக் கதவை வலுவாக்கினார்கள். எவருடைய செருப்பும் கழற்றப்படவில்லை, எவருடைய மானமும் போகவில்லை. அந்தக் கதவுக்கும் ஒரு விலை இருந்தது என்பதையும் மறைக்கமாட்டோம். 2015 மார்ச்சில் ஆல்ப்ஸ் மலையில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தை மோதிய துணை விமானி, அதே கதவை உட்புறம் அடைத்துக்கொண்டு, தலைமை விமானியை வெளியே நிறுத்தினான். 150 பேர் மாண்டனர். உடனே அறையில் எப்போதும் இருவர் இருக்க வேண்டும் என்றார்கள். பின்னர் அதையும் மறுபடி ஆராய்ந்து தளர்த்தினார்கள். அறிவின் வழி அப்படித்தான். தவறும், தவறியதைப் பார்க்கும், திருத்தும்.

அடுத்து, சமத்துவம். நம் நாட்டு விமான நிலையங்களில் நெடுங்காலம் ஒரு பலகை தொங்கியது. சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் யார் யார் என்ற பட்டியல்; முப்பதை ஒட்டிய வகையினர். குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர், முதலமைச்சர், நீதியரசர் என்று நீண்டது. நால்வருணத்தைக் கல்லில் வெட்டிய நாட்டுக்குப் பலகை எழுதுவது புதிதன்று. 2009 ஏப்ரலில் தில்லி நிலையத்தில், முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமை ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தார் வரிசையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றவைத்துச் சோதித்தார்கள். அவர் முகம் சுளிக்கவில்லை, முறையிடவுமில்லை. இராமேசுவரத்துப் பிள்ளை எளிமையாக நின்றார், எளிமையாகப் போனார். மூன்று மாதம் கழித்து நாடாளுமன்றம் கொதித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நாம் கேட்கிறோம்: சோதனை இழிவு என்றால், நாள்தோறும் அதே வாயிலில் நிற்கும் இலட்சக்கணக்கானோருக்கு அது இழிவில்லையா? இழிவில்லை என்றால், மன்னிப்பு எதற்கு? பெரிய மனிதனுக்கு இழிவு, சிறிய மனிதனுக்கு விதி என்றால், அதற்குப் பெயர் பாதுகாப்பா, வருணாசிரமமா? 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், சோதனை முடிந்து விமானத்தில் அமர்ந்துவிட்ட அவரிடம் மறுபடி வந்து மேற்சட்டையையும் காலணியையும் வாங்கிப் போனார்களே, அது வேறு. அது எவருக்கு நேர்ந்தாலும் தொல்லை.

பதவிக்கு விலக்குப் போலவே பணத்துக்கும் விலக்கு உண்டு. அமெரிக்காவில் 2013 டிசம்பர் முதல், 85 டாலர் கட்டி முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் பெற்றவர்கள், ஐந்தாண்டுக் காலம் தனி வரிசையில், செருப்பைக் கழற்றாமலே போகலானார்கள். சிறப்புத் தரிசனச் சீட்டு! ஆபத்து குறைந்தவரைப் பிரித்தறிய ஆராய்கிறோம் என்கிறார்கள். அந்த ஆராய்ச்சி நல்லதென்றால் காசு வாங்காமல் எல்லாருக்கும் செய்யலாமே.

விலக்கின் மறுபக்கம் குறிவைத்தல். 2010 டிசம்பரில் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நிலையத்தில், இந்தியத் தூதர் மீரா சங்கர், சேலை அணிந்திருந்த காரணத்தால் தனியே அழைக்கப்பட்டு உடல் தடவிச் சோதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தலைப்பாகை, தாடி, முக்காடு, பெயர் ஆகிய ஒவ்வொன்றும் குறி. நெல்சன் மண்டேலாவின் பெயரே, 2008 ஜூலையில் தனிச்சட்டம் இயற்றி நீக்கும் வரை, அமெரிக்காவின் பயங்கரவாத ஐயப்பட்டியலில் இருந்தது என்றால், மற்றவன் கதி என்ன?

பெயர் என்றதும் நம் வீட்டுக் கதை ஒன்று. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிய சாதிப் பட்டத்தை வெட்டியெறியத் தீர்மானித்தது. வெட்டினோம். தந்தையின் பெயரில் ஓரெழுத்தை முன்னே வைத்து, தன் பெயரோடு நிமிர்ந்து நடந்தான் தமிழன். அந்தத் தமிழன் இன்று கடவுச்சீட்டை நீட்டினால், “குடும்பப்பெயர் எங்கே?” என்கிறார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, முன்பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யு. என்று மூன்றெழுத்து அடிக்கிறார்கள்; ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்று பொருள்! 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவருக்குச் சுற்றுலா விசாவில் நுழைவில்லை என்று ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்து, பிறகு கடவுச்சீட்டின் மறுபக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்ந்தது. ஒலிபெருக்கியில் தந்தையின் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். மகன் தன்னை அழைப்பதாக எண்ணவில்லை. அழைத்தும் வராதவன் என்று குறித்துக்கொள்கிறார்கள். சாதியைக் கழற்றியவன், சாதியைக் கழற்றியதற்காக வரிசையில் நிற்கிறான். சாதிப் பட்டத்தை விடாமல் பிடித்திருப்பவனுக்குக் கட்டம் காலியாக இல்லை. அவன் முன்னே போகிறான். இதற்காக எந்த அலுவலர் மீதும் பகையில்லை. அந்தப் படிவத்தை வரைந்தவர் எந்த நாட்டுப் பெயரை மனத்தில் வைத்து வரைந்தார் என்பதுதான் கேள்வி.

வேதத்துக்குத் தமிழில் மறை என்று பெயர். கேட்ட சூத்திரன் காதில் உருக்கிய ஈயத்தை ஊற்று என்றது கௌதம தரும சூத்திரம். படிக்கக்கூடாத சட்டத்துக்குப் பணிந்து நட என்பதே அதன் உட்பொருள். 2002 ஜூலை 4 அன்று ஜான் கில்மோர் என்ற அமெரிக்கர், அடையாளச் சீட்டைக் காட்டாமல் விமானம் ஏற முயன்றார். காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது என்றார்கள். அந்த விதியைக் காட்டுங்கள் என்றார். காட்ட முடியாது, அது மறைபொருள் என்றார்கள்! வழக்குத் தொடுத்தார். நீதியரசர்கள் தனியறையில் தாங்கள் மட்டும் அதைப் படித்துப் பார்த்து, 2006இல் அரசுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தார்கள். எந்திரத்தின் கண் எதைக் காணும், எதைக் காணாது என்பதைக் கொலைகாரனுக்குச் சொல்லவேண்டா, ஒப்புகிறோம். ஆனால் குடிமகன் கீழ்ப்படிய வேண்டிய விதியைக் குடிமகன் படிக்கலாகாது என்பது எந்தக் காலத்து நீதி? ஒவ்வொரு விதியின் மேலும் அது பிறந்த நாளும், பிறந்த காரணமும், மீண்டும் ஆராயப்பட வேண்டிய நாளும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறோம். எழுதப்பட்டிருந்தால் அந்த மூதாட்டிக்கு நாம் பதில் சொல்லியிருப்போம். பதில் அவருக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம். ஆனால் பதில் இருந்திருக்கும்.

நீலக் கையுறை அணிந்து நம் பையைக் கிளறுகிறானே, அவன்மீது சீறிப் பயனில்லை. அவனும் தொழிலாளி. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் அமெரிக்க அரசின் நிதி முடங்கியபோது, அந்தக் காலம் முழுதும் சம்பளமின்றி அவன்தான் அதே மேசையில் நின்றான். விதியை எழுதியவன் வரிசையில் நிற்பதில்லை. வரிசையில் நிற்பவன் விதியை எழுதுவதில்லை. இருவருக்கும் நடுவே திட்டு வாங்குவதற்கென்று அவன் நிறுத்தப்பட்டிருக்கிறான்.

கேட்டால் என்ன பயன், மாறவா போகிறது என்று சலித்துக்கொள்ளும் தோழர்களுக்கு ஒன்று சொல்லுவோம். நம் நாட்டு நிலையங்களில் கைப்பைக்கு ஓர் அட்டை கட்டுவார்கள். சோதனை முடிந்ததும் அதன்மேல் முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாவிட்டால் விமான வாயிலில் இருந்து திருப்பி அனுப்புவார்கள்; பயணி மூச்சிரைக்க ஓடிவந்து, மீண்டும் வரிசையில் நின்று, அந்த மைப்பொட்டை வாங்கிக்கொண்டு ஓடுவார். நெற்றியில் இட்ட குறியைவிட அதற்கு மதிப்பு மிகுதி. அந்த முத்திரை இல்லாமல் பாதுகாப்பே இல்லை என்று ஆண்டுக்கணக்கில் நம்பினார்கள். 2017 ஏப்ரலில் தில்லி, மும்பை உள்ளிட்ட ஏழு நிலையங்களில் அதை நிறுத்தினார்கள். பிறகு ஒவ்வொரு நிலையமாக மறைந்தது. அண்மையில், முதன்முறையாக அயல்நாடு போகும் இளைஞர் ஒருவரிடம் அந்த அட்டையைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னோம். “எந்த அட்டை?” என்று கேட்டார்.